ஓடைக்கரையை ஊருக்கே விட்டுவைத்த ஆஷ்லாண்ட்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், பெரும்பாலும் பெரிய நகரங்களையும் நயாகரா அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேற்குக் கரைப் பக்கம் போக நேர்ந்தால், ஆரிகன் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள ஆஷ்லாண்டில் ஒரு பகல் தங்கிப் பாருங்கள். சுமார் 21,000 பேர் வாழும் சின்ன ஊர். அங்குள்ள லித்தியா பூங்கா, விவசாயியின் கண்ணோடு பார்க்க வேண்டிய இடம்.

தண்ணீர் வரும் வழி

ஊருக்குத் தெற்கே சுமார் 7,500 அடி உயர ஆஷ்லாண்ட் மலை. குளிர்காலத்தில் அதன்மேல் பனி படியும். அந்தப் பனியும் மழையும் சேர்ந்து வருவதுதான் ஆஷ்லாண்ட் ஓடை. ஆண்டு மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்திலேயே பெய்துவிடும். கோடை காய்ந்து கிடக்கும். ஊரின் குடிநீருக்கு இந்த ஓடைதான் முக்கிய ஆதாரம். பூங்காவுக்கு மேலே, மலையில் 1928-ல் கட்டிய அணை இருக்கிறது. ஊரைக் கடந்த ஓடை, பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பெயர்போன பள்ளத்தாக்கில் போய்ச் சேருகிறது.

ஷாஸ்தா பழங்குடி மக்கள் வாழ்ந்த இந்த மண்ணில் 1852-ல் வெள்ளையர்கள் குடியேறினார்கள். ஓடையின் வேகத்தை வைத்து மரம் அறுக்கும் ஆலையும், பிறகு மாவு ஆலையும் நடத்தினார்கள். ஆலையைச் சுற்றித்தான் கடைத்தெருவே உருவானது. அரை நூற்றாண்டில் மாவு ஆலை பாழடைந்து, ஓடைக்கரை கவனிப்பாரற்றுப் போனது.

பெண்கள் கேட்ட நிலம்

அந்தக் கரையைப் பூங்காவாக்க வேண்டும் என்று 1908-ல் கோரிக்கை வைத்தது ஊர்ப் பெண்களின் சங்கம். ஆரிகனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததோ 1912-ல்தான். ஓட்டுப் போட முடியாத அவர்கள், ஓட்டுப் போடுகிறவர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். கடைத்தெரு முதல் மலைக்காடு வரை, ஓடையை ஒட்டி நகராட்சிக்கு இருந்த நிலம் பூங்காவுக்கென்று ஒதுக்கப்பட்டது.

இதற்கிடையே ஊருக்கு இன்னொரு ஆசை வந்தது. அருகில் லித்தியம் கலந்த ஊற்று நீர் கிடைத்தது. அதை மருந்து நீர் என்று சொல்லி வெளியூர்க்காரர்களை வரவழைக்கலாம் என்று திட்டமிட்டார்கள். 1914-ல் மக்கள் கடன் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். குழாய் போட்டுத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவை வளர்த்தெடுத்த ஜான் மெக்லாரனை அழைத்துப் பூங்காவை வடிவமைத்தார்கள். 1916 ஜூலையில் திறப்புவிழா நடந்தது.

ஆனால், மருந்து நீர் நகரம் உருவாகவில்லை. 1927-ல் முக்கிய ரயில் பாதையும் வேறு வழியாகப் போய்விட்டது. கடைத்தெருவில் இன்றும் அந்தத் தண்ணீர் ஊற்றுகிறது. ஒரு வாய் குடித்தால் உப்பும் கந்தகமுமாக முகம் சுளிக்க வைக்கும். அதில் பேரியம் இருப்பதால், தொடர்ந்து குடிக்கக்கூடாது. விற்க நினைத்த தண்ணீர் கைகொடுக்கவில்லை. விற்காமல் வைத்த கரைதான் நிலைத்தது.

ஓடை கேட்ட இடம்

1997 ஜனவரி 1. மலையில் கிடந்த பனிமேல் வெதுவெதுப்பான மழை கொட்டியது. மலை மண், சிதைந்த கருங்கல் மண்; தண்ணீர் பட்டால் எளிதில் கரையும். மண்ணும் மரக்கட்டைகளும் சேர்ந்து வந்து, கடைத்தெரு அருகே ஓடை நுழையும் வழியை அடைத்தன. வெள்ளம் கடைகளுக்குள் புகுந்தது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையமும் பாதிக்கப்பட்டு, ஊர் பல நாள் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. பூங்காவிலும் பாலங்களும் பாதைகளும் சேதமாயின. ஆனால், அங்கே வெள்ளத்தில் மூழ்க வீடுகள் இல்லை. ஓடை அகலமாகப் பரவ இடம் இருந்தது. ஓடையை ஒடுக்கிய இடத்தில் நஷ்டம் கடைக்காரர்களுடையது. பூங்காவை மறுபடி சீரமைத்துவிட்டார்கள்.

எப்படிப் பார்ப்பது?

அனுமதி இலவசம். கடைத்தெருவில் தொடங்கி ஓடைக்கு எதிராக மேல்நோக்கி நடங்கள். பூங்கா ஏறத்தாழ 93 ஏக்கர். அகலம் குறைவு, நீளம் அதிகம். முதலில் வாத்துக் குளம், புல்தரை, சிக்கமோர் மரத்தோப்பு, ஜப்பானியத் தோட்டம். மேலே போகப் போக, நட்டு வளர்த்த மரங்கள் குறைந்து, காட்டு மரங்கள் கூடும். கரையோரம் ஆல்டர், சரிவில் பைன், பட்டை உரிந்து செம்மையாக மின்னும் மட்ரோன். மான்கள் ஆளுக்கு அஞ்சாமல் மேயும். எந்த இடத்தில் தோட்டம் முடிந்து காடு தொடங்கியது என்று சொல்வது கடினம். தண்ணீர் பிறக்கும் இடம்வரை தொடர்பு அறுபடாமல் கரையைக் காப்பது என்றால் என்ன என்பது, அந்த நடையிலேயே காலுக்குப் புரிந்துவிடும்.

இலை நிறம் மாறும் அக்டோபர் மாதம் போவது நல்லது.