கொலு இல்லாத மண்டபம்

பெய்ஜிங் நகரத்தில் சீனச் சக்கரவர்த்திகளின் கொலுமண்டபம் ஒன்று இருக்கிறது. 1420-இல் கட்டி முடித்தார்கள். மறு வருஷமே எரிந்து போயிற்று. மரக் கட்டடம் அல்லவா? மறுபடி கட்டினார்கள், மறுபடி எரிந்தது. இன்று நிற்பது 1695-இல் கட்டத் தொடங்கியது. மூன்றடுக்குச் சலவைக்கல் மேடை, அதன்மேல் 72 மரத்தூண்கள், நடுவே சிம்மாசனம்.

அதே 1695-இல் எங்கள் கிளியனூருக்கு மேற்கே, திண்டிவனத்தைத் தாண்டி, செஞ்சிக் கோட்டை முற்றுகையில் கிடந்தது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். வெளியே ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான். 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. ராஜாராம் நழுவிவிட்டார். கானுக்குக் கிடைத்தது கோட்டை மட்டுமே!

செஞ்சியிலும் கொலு வீற்றிருந்தார்கள். ராஜகிரி அடிவாரத்தில் அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தபோது அடித்தளங்கள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. மேலே இருந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

கல்யாண மகால் மட்டும் பிழைத்து நிற்கிறது. சதுர முற்றம், சுற்றிலும் அந்தப்புர அறைகள், அதை ஒட்டி எட்டு நிலை மாடம், உச்சியில் கூம்பிய கூரை. ஒவ்வொரு நிலையிலும் ஒரே ஒரு சின்ன அறை, அதைச் சுற்றி வளைவுகள் தாங்கும் தாழ்வாரம். காற்றுக்காகவே கட்டினார்கள் போலும். என்னை மலைக்க வைத்தது மாடமல்ல, தண்ணீர். கோட்டைக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண்குழாய் வழியாக ஆறாம் நிலை வரை நீர் ஏறியதாம். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக் கொண்டேன்.

1750-இல் புஸ்ஸி ஓர் இரவில் கோட்டையைப் பிடித்தான். 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. வெங்கடரமணர் கோயிலின் அழகான கற்றூண்கள் புதுச்சேரிக்குப் போய்விட்டன. இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். கிளியனூரில் பஸ் ஏறி ஒரு திசையில் போனால் தூண்களைப் பார்க்கலாம். எதிர்த்திசையில் போய் அவற்றை இழந்த கோயிலைப் பார்க்கலாம். தூணில் சாய்ந்து சுண்டல் தின்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

சீனாக்காரன் எரிந்ததைத் திரும்பத் திரும்பக் கட்டினான்; அங்கே சக்கரவர்த்தி இருந்துகொண்டே இருந்தான். செஞ்சியிலோ நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வந்தவனுக்குக் கோட்டைச் சுவர்தான் வேண்டியிருந்தது; கூடம் யாருக்கு வேண்டும்? 1714-இல் தேசிங்கு ராஜா சண்டையில் மாண்டார். அவருக்குக் கதைப்பாட்டு கிடைத்தது, கூரை கிடைக்கவில்லை.

அரண்மனையைப் புதிதாகக் கட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிமெண்டு பூசிய சரித்திரத்தைக் கண்டு பயந்தவன் நான். ஆனால் 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி சேர்ந்துவிட்டது. கார்கள் வருகின்றன. வருகிறவர்கள் மலையை அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். பிறகு அந்த அடித்தளக் கட்டின்மேல் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். ராஜாவின் கூடத்தில் சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஒரு பலகையாவது, தமிழில், பெரிய எழுத்தில் வேண்டும்.