பித்தளைக் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன்

எங்கள் வகுப்புத் தோழன் போய்விட்டான். நித்திரையிலேயே போனானாம். அவன் போகிற வயதில்லை, அவ்வளவுதான் சொல்ல வருகிறது.

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் பிலிமத்தலாவை என்றால் கடுகண்ணாவை ஏற்றம் முடிந்து, பேராதனைக்கு முன்னால், வீதியோரம் மின்னுகிற பித்தளைக் கடைகள். அவர்கள் குத்துவிளக்கைப் பார்த்தார்கள், நாங்கள் பட்டறையைப் பார்த்தோம். மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் காய்ச்சிய பித்தளையை ஊற்றுவார்கள். அச்சை உடைக்கிற நேரம் அவனுக்கு எப்படித்தான் தெரியுமோ! பள்ளிக்கூடப் பையோடு சரியாக அங்கே நிற்பான். பட்டறைக் கிழவர் சிங்களத்தில் அதட்டுவார், பிறகு அவரே கூப்பிட்டுக் காட்டுவார்.

ஊருக்குப் பக்கத்தில், பாறைமேல் நிற்கிற கடலாதெனிய விகாரை 1344இல் கட்டப்பட்டது. அதன் தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி, தென்னிந்தியர். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, "நம்ம ஆள் கட்டினது மச்சான்" என்று அந்தப் பாறையில் சொந்த வீட்டு முற்றம்போல ஏறுவான். பிக்கு எதிரில் வந்தால் மட்டும் பூனைபோல் ஆகிவிடுவான்.

கோச்சிக்குக் கையாட்டியது, கித்துள் பாணி திருடித் தின்றது எல்லாம் உங்களுக்கும் தெரியும்.

அவன் அம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். குழுவில் கண்ணீர் ஸ்டிக்கர் போட்டது போதும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், கண்டிப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். வான் பிடித்தால் செலவைப் பிரித்துக்கொள்ளலாம்.