அலை முடிக்கு எந்த ரோலர்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து இரட்டைப் பின்னலை அவிழ்த்தால் தலைமுடி அலை அலையாக நிற்கும். சபரகமுவ தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்குத் தெரிஞ்ச முதல் 'வேவ்ஸ்' அதுதான். ஒரு சதம் செலவில்லை. ஆனா உச்சியில் தட்டையாவும் நுனியில் குச்சி மாதிரியும் இருக்கும். அதனால கெம்பஸ் வந்த பிறகு, எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வந்த நாங்கள் ஐந்து பேரும் ரோலர் பக்கம் திரும்பினோம். ஒவ்வொரு வகையாப் பாவிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுகொண்டதை இங்கே சொல்றோம்.

ஏன் கரண்டில் சூடாகும் அயன் வாங்கவில்லை? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாம இருந்தோம். அதே வருஷம் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியா 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 வீதம். ட்ரையர் ஒன்று 1,000 வோட்ஸுக்கு மேல இழுக்கும். காம்பராவில் இருக்கிறதோ ஒரே ஒரு ப்ளக், பழைய வயர். அயன் 200 பாகை வரை சூடாகும். அடிக்கடி வச்சா முடி காஞ்சு நுனி வெடிக்கும். சலூனுக்குப் போகலாமே என்றால், தோட்டத்து நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவாச்சு. கல்யாணத்துக்குத் தலை செய்ய ஒரு நாள் சம்பளம் காணாது.

ரோலருக்குத் தேவை ஈரமும் நேரமும் மட்டும்தான். முடிக்குள்ள இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணி பட்டதும் தளரும். காயும்போது அந்த நேரத்து வடிவத்திலேயே திரும்பவும் இறுகும். சுருட்டி வச்சிருந்தா சுருளாக இறுகும். பின்னல் அலை வந்ததும் இதனாலதான். முழுசாக் காயறதுக்கு முதல் கழட்டினா ஒண்ணும் நிக்காது. இங்கதான் நம்ம ஊர் சிக்கல். இரத்தினபுரிப் பக்கம் துவைச்ச உடுப்பே ரெண்டு நாளைக்குக் காயாது. தலைக்கு குளிச்ச உடனே சுருட்டினா விடிஞ்சாலும் உள்ளே ஈரம்தான். நல்லாத் துவட்டி, தொட்டா லேசாக் குளிர்ற அளவு வரும்வரை காயவிட்டுப் பிறகு சுருட்டுங்க. நிறைய எண்ணெய் வச்ச முடியில் அலை நிக்காது. ஜெல்லுக்குப் பதிலா கற்றாழைச் சோறு கொஞ்சம் போதும்.

இனி வகைகள். டவுன் ஃபென்சி கடைகளில் கிடைக்கிற முள் ரோலர் கிளிப் இல்லாமலே ஒட்டி நிக்கும். குட்டை முடிக்கும் முன்நெற்றி முடிக்கும் சரி. இடுப்பு வரை முடி இருந்தா சிக்கிக்கொண்டு, கழட்டும்போது வேரோட வரும். அதோட படுக்கவும் ஏலாது. உள்ளே கம்பி வச்ச வளைகிற குச்சியில் சுருள் இறுக்கமா வரும்; அலை வேணும்னா மொத்தமான குச்சி எடுக்கணும். எங்க ஐந்து பேருக்கும் சரிவந்தது பஞ்சு ரோலர். மெதுமையா இருக்கும், படுத்து நித்திரை கொள்ளலாம், முடியை இழுக்காது. பஞ்சு தண்ணியை உறிஞ்சி வச்சிருக்கும் என்பது மட்டும்தான் குறை. அதுக்கும் காசு இல்லையா? பழைய பருத்திச் சேலையை விரல் அகலத்துக்குக் கிழிச்சு, முடியை அதுல சுற்றி முடிச்சுப் போடுங்க. வேலை அதேதான்.

அளவு முக்கியம். ரோலர் மொத்தமானால் அலை பெரிசு, மெல்லிசானால் சுருள். முடி ரோலரை ரெண்டு தரமாவது சுத்தி வரணும். நீளமான, அடர்த்தியான முடியின் பாரத்திலேயே பெரிய அலை இறங்கிடும். அதனால பெருவிரலை விடக் கொஞ்சம் மொத்தமானது எடுங்க. பஸ்ஸில் போகும்போது தளர்த்தியாக் கொண்டை போட்டு, போன இடத்தில் அவிழுங்க. காத்தில் இருக்கிற ஈரமும் அந்தப் பிணைப்புகளைத் தளர்த்தும்.

இதையெல்லாம் எங்க தலையை மட்டும் பார்த்துத்தான் படிச்சோம். பிறகு ஒரு கல்யாணத்துக்கு அம்மாமாருக்குச் செய்ய உட்கார்ந்தோம். வருஷக்கணக்கா கொழுந்துக் கூடையின் கயிறு பட்ட இடத்தில், உச்சியில் முடி மெலிஞ்சு தோல் தெரிஞ்சது. பால் வெட்டப் போற அம்மாவுக்கு அப்படியில்லை. ஆனா இருட்டிலேயே எழும்புறவங்க, ராத்திரி முழுக்க ரோலரோட படுன்னு எப்படிச் சொல்றது? மெலிஞ்ச இடத்தில் எதையும் சுருட்டவே கூடாது. இறுக்கி இழுக்கிறது வேரை இன்னும் கெடுக்கும். காதுக்குக் கீழே உள்ள முடியில் மட்டும் ஆறு பஞ்சு ரோலர், சனிக்கிழமை ராத்திரி, தளர்த்தியா. ஞாயிறு காலையில் கழட்டினப்ப ஒரு அம்மா கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை. "இந்த வயசுல எனக்கு எதுக்குடி"ன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

அந்தக் கேள்விதான் எங்களை விடுதில்லை. லயத்தில் ஒரு பிள்ளை முடியைச் சுருட்டினா "கெம்பஸ் போய் ஸ்டைல் காட்டுறா" என்பாங்க. எண்ணெய் வச்சுப் படியச் சீவிப் போனா டவுனில் "தோட்டத்துப் பிள்ளை" என்று அளப்பாங்க. ரெண்டு பக்கமும் நம்ம தலை மற்றவங்க கணக்கில்தான் இருக்கு. சுருள் வெளிநாட்டுப் பழக்கமும் இல்லை. சங்கப் பாடல்கள் பெண்ணின் கூந்தலை 'ஐம்பால்' என்னும். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்து வகையா முடிச்சதால் வந்த பேர். அதில் சுருளும் ஒண்ணு. அந்த ஐந்தில் எதை எடுக்கிறதுன்னு யோசிக்க எங்க அம்மாமாருக்கு நேரம் கிடைக்கலை, அவ்வளவுதான்.

ஆகவே ரோலர் வாங்கப் போனா, உங்க முடியின் நீளத்தையும் ஊர் மழையையும் பாருங்க. பஞ்சு ரோலரில் ஆறு கூடுதலா எடுங்க. அம்மா வேணாம்னு சொல்லுவாங்க. ஒரு சனிக்கிழமை ராத்திரி திரும்பவும் கேளுங்க.