வழியில் ஓர் அயோத்தி

சேலத்திலிருந்து கிழக்கே பத்துக் கிலோமீட்டர் போனால் அயோத்தியாப்பட்டணம். ஆத்தூர் சாலையும் அரூர் சாலையும் பிரிகிற இடம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு திருப்பம், அவ்வளவுதான்.

ஊர்க்கதை வேறு. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் முகூர்த்தம் நெருங்கிவிடவே, ராமன் இங்கேயே தங்கி முடி சூடிக்கொண்டானாம். கோதண்டராமர் கோயிலில் சீதையோடு பட்டாபிஷேகக் கோலத்தில் இன்றும் வீற்றிருக்கிறான். மண்டபத் தூண்களை அண்ணாந்து பார்க்க எப்போதும் நாலு பேர் உண்டு. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் திருப்பணி என்ற பேச்சும் அதற்குத் துணை.

தெருவுக்கு யார் துணை? ஓட்டு வீட்டுத் திண்ணைகள் ஒவ்வொன்றாகக் கடைகளாகின்றன. வாடகை வருகிறது, குறை சொல்ல எனக்கு வாயில்லை. மிஞ்சிய ஒரு திண்ணையருகே நின்றேன்.

“யாரைப் பாக்கணும்?” என்றாள் ஒரு கிழவி.

“யாரையும் இல்லை, பாட்டி. சும்மா ஊர் பார்க்க வந்தேன்.”

“அப்ப உக்காருங்க. வெயில் தாழட்டும்.”

வழியில் வந்தவனைத் தங்க வைத்த ஊர் என்பதுதானே இதன் பெருமை? அதற்குக் கோயில் ஒரு சாட்சி என்றால், திண்ணை இன்னொன்று. கோயில் இருக்கும். திண்ணையை இடிக்கவோ, ஒரு கொத்தனாரும் ஒரு பகலும் போதும்.