ரெண்டே எழுத்து... நைரோபிக்குப் போகவேண்டிய பணம் கம்பாலாவுக்குப் போன கதை!

லண்டனில் நர்ஸாக வேலை பார்க்கிறார் அந்த கென்யப் பெண். கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். தம்பியின் ஃபீஸுக்காக, நைரோபியில் இருக்கும் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு டிசம்பர் கடைசியில் பணம் அனுப்பினார். பத்து நாள் ஆகியும் பணம் வரவில்லை. "அனுப்பிட்டியா, இல்லையாம்மா? ஸ்கூல்ல தினமும் கேக்குறாங்க" என்று அம்மா போனில் கேட்டபோது, அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் பணம் அவருக்கே திரும்பி வந்தது, கட்டணம் போக! கணக்கு எண் சரி, பெயரும் சரி. தவறியது, இணையத்தில் தேடி எடுத்த 'ஸ்விஃப்ட் கோடு'.

நம்ம ஊரில் பணம் அனுப்ப ஐ.எஃப்.எஸ்.சி கோடு கேட்பார்கள் இல்லையா? வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அந்த வேலையைச் செய்வது ஸ்விஃப்ட் கோடு. 'பிக்' என்றும் சொல்வார்கள். ஐ.எஃப்.எஸ்.சி எப்போதும் 11 இலக்கம். ஸ்விஃப்ட் கோடு 8 அல்லது 11.

முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிக்கும். அடுத்த இரண்டு, நாடு. அதற்கடுத்த இரண்டு, இடம். கடைசி மூன்று இருந்தால் அது கிளை. அந்த இடத்தில் மூன்று 'எக்ஸ்' இருந்தால் தலைமை அலுவலகம்.

கென்யாவுக்கான எழுத்துகள் 'கே.இ'. அந்தப் பெண் எடுத்த கோடில் இருந்ததோ 'யூ.ஜி'. அதாவது உகாண்டா! கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே பெயருள்ள வங்கி பக்கத்து நாடுகளிலும் இயங்குவது சகஜம். பணம் கம்பாலாவுக்குப் போய், அப்படியொரு கணக்கே இல்லாததால் திரும்பிவிட்டது.

நாட்டு எழுத்துகளை ஊகித்தும் எழுதக் கூடாது. தென்னாப்பிரிக்காவுக்கு 'இஸட்.ஏ', 'எஸ்.ஏ' என்று போட்டால் அது சவுதி அரேபியா. 'என்.ஜி' நைஜீரியா, 'என்.இ' நைஜர்.

இன்னொரு குழப்பம், 'ஐபான்'. ஐரோப்பிய வங்கிகளின் படிவத்தில் இந்தக் கட்டம் இருக்கும். கென்யாவில் ஐபான் முறையே கிடையாது. கணக்கு எண்ணும் ஸ்விஃப்ட் கோடும்தான் அங்கே முக்கியம்.

1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய ஸ்விஃப்ட் அமைப்பு பணத்தைத் தூக்கிச் செல்வதில்லை. வங்கிகளுக்கு இடையே தகவலை மட்டுமே கொண்டுபோகும். பணம் இடையில் உள்ள வங்கிகள் வழியாகத்தான் நகரும். அவையும் கட்டணம் பிடிக்கலாம். ஃபீஸ் போன்ற முழுத் தொகை போய்ச் சேரவேண்டும் என்றால், 'எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே' என்ற 'அவர்' முறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இரண்டாவது முறை அம்மாவே கிளைக்குப் போய், கோடை எழுதி வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பினார். நான்கே நாளில் பணம் வந்தது. ஆனால், தம்பி வகுப்புக்குப் போனது மூன்று வாரம் தாமதமாக.

யாருக்கு அனுப்புகிறோமோ, அவருடைய வங்கியிடமே கோடைக் கேட்டு வாங்குங்கள். முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பாருங்கள். அனுப்பியதற்கான குறிப்பு எண்ணை பத்திரமாக வைத்திருங்கள். பட்டனை அழுத்தும் முன், ஐந்தாவது, ஆறாவது எழுத்துகளை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். உங்கள் பணம் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை அவைதான் சொல்லும்!