மதிகெட்டான் சோலை

போடிநாயக்கனூரில் ஏலத்தையே ஏலம் போடுகிறார்கள்! சிலேடை அல்ல, நேயர்களே. அந்த ஊரின் பிழைப்பே அதுதான். நீங்கள் பாயசத்தில் தட்டிப் போடும் ஏலக்காய், போடியிலோ மலைக்கு அப்பால் புற்றடியிலோ விலை கூறப்பட்டுத்தான் பெரும்பாலும் உங்கள் வீடு வந்து சேர்ந்திருக்கும்.

அது விளையும் மலையையும், அங்கே காட்டு ஜீவன்களுக்கென்று ஒதுக்கிய சோலையையும் ஒருமுறை பார்த்து வாருங்களேன்! பிரயாணம் இப்போது சிரமமில்லை. 2010 முடிவில் நின்றுபோன போடி ரயில், அகலப் பாதையில் 2023 ஜூன் மாதம் திரும்பி வந்துவிட்டது.

ஊரைத் தாண்டியதும் மலை ஏற்றம். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். தலைசுற்றல் மறந்து போகும்! மாந்தோப்பும் இலவ மரமும் கீழே தங்கிவிட, கை தானாகப் போர்வையைத் தேடும். நாலாயிரம் அடிக்கு மேலே போடிமெட்டு. தமிழ்நாடு அங்கே முடிகிறது, தமிழ் முடிவதில்லை. தோட்டங்களில் காய் பறிக்கும் பெண்களில் பலர் போடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அதிகாலையில் ஜீப்பில் ஏறி வருகிறவர்கள்.

ஏலச் செடி விசித்திரமான பிறவி. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். பூவும் காயும் மட்டும் அடியில், தரையை ஒட்டி. பறிக்கிறவர்கள் நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும்தான் வேலை செய்ய வேண்டும். அதற்குக் கடும் வெயிலும் ஆகாது. பெரிய மரங்களின் நிழல் வேண்டும். ஆகையால் இந்த மலையில் காடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்கு அருகில் இருக்கிறது மதிகெட்டான் சோலை. உள்ளே போனவனுக்குத் திசை தெரியாமல் மதி கெட்டுவிடுமாம். அதனால் இந்தப் பெயர். ஏலம் பயிரிட இதற்குள்ளும் ஆட்கள் புகுந்தார்கள். ஆக்கிரமிப்புகளை அகற்றிய பின், 2003-ல் கேரள அரசு இதைத் தேசியப் பூங்காவாக்கியது. வனத்துறையின் அனுமதியோடுதான் உள்ளே செல்ல வேண்டும்.

பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர். நமக்கு இது பெரிய காடு. யானைக்கு? ஒரு யானைக் கூட்டம் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் சுற்றி வாழ்வது. கோடிக்கரைச் சதுப்புக்கு வரும் பூநாரைக்குச் சிறகு உண்டு. தண்ணீர் வற்றினால் வேறிடம் பறந்துவிடும். யானை நடந்துதானே போக வேண்டும்? நடக்கும் வழியிலே வீடு, வேலி, சாலை! பூப்பாறைக்கு அப்பால் உள்ள நீர்த்தேக்கத்தின் பெயரே ஆனையிறங்கல். யாருடைய வழி என்று ஊர்ப்பெயரே சாட்சி சொல்கிறது.

அந்தப் பக்கத்துச் சின்னக்கானல்காரன்தான் அரிக்கொம்பன். ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற கொம்பன் யானை. சுவர் இடியும் ஓசைக்குப் பயந்து, பிள்ளைகளை அணைத்தபடி இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார்களின் கஷ்டத்தையும் நாம் மறக்கக் கூடாது. 2023 ஏப்ரலில் அதைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் நகரத் தெருவுக்குள் ஓடி வந்தது. ஜூன் மாதம் தமிழக வனத்துறையினர் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு போனார்கள். ஒரு யானையை இடம் மாற்றலாம். அது நடந்த பாதையை எங்கே மாற்றி வைப்பது?

சோலைக்குள் மனிதனுக்கு வழி தவறும் என்று பெயர் வைத்தார்கள். இன்று வெளியே வழி தவறி நிற்பது யானை.

நீங்கள் போகும்போது சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோரம் எறியாதீர்கள். பொழுது சாய்வதற்குள் மலை இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் அந்தப் பாதை அவர்களுக்கு வேண்டும்.