ஜப்பானிய ஸொபாக் கடையில் நமக்கும் ஓர் இடம்

ஜப்பான் என்ற பெயர் நம் வீடுகளுக்குப் புதியதல்ல. தெருவில் ஓடும் வேனும், மூலையில் இருக்கும் தையல் மெஷினும் அந்த நாட்டின் பெயரைத்தான் சொல்கின்றன. ரத்தின வியாபாரத்துக்கும், வாகன இறக்குமதிக்கும், படிப்புக்கும் அங்கு போய்வரும் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஆனால், ஜப்பானியர் பகல் வேளையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், "பச்சை மீன்" என்று சொல்லி முகத்தைச் சுளித்துக்கொள்வோர்தான் நம்மில் அதிகம். உண்மையில் டோக்கியோவில் அலுவலக ஊழியர் முதல் பேரப்பிள்ளையைக் கூட்டி வரும் மூதாட்டி வரை எல்லோரும் வரிசையில் நின்று சாப்பிடும் எளிய உணவு ஒன்று உண்டு. அதுதான் ஸொபா. பார்வைக்கு நம் இடியப்பத்தின் தூரத்து உறவு போலிருக்கும் ஒருவகை நூடில்ஸ்.

சகோதரிகளே! நீங்கள் என்றாவது குடும்பத்தோடு அந்த நகருக்குப் போக நேர்ந்தால், ஒரு ஸொபாக் கடைக்கு எப்படிப் போவது, என்ன கேட்பது, எதை எடுப்பது, எதை விடுவது என்பதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டாவின் பழைய தெருவில்

டோக்கியோவில் மின்சாரச் சாமான் கடைகளுக்குப் பேர்போன அகிஹபாரா புகையிரத நிலையத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் கண்டா என்ற பகுதி வரும். 1945 இல் நகரின் பெரும் பகுதியைச் சாம்பலாக்கிய விமானக் குண்டுவீச்சிலிருந்து தப்பிய சிறு மூலை ஒன்று இங்கே இருக்கிறது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே பழைய மரக் கடைகள் சில இன்னும் நிற்பது அதனால்தான்.

அவற்றில் ஒன்று 'மட்சுயா' என்ற ஸொபாக் கடை. 1884 இல் தொடங்கியது. இப்போதுள்ள மரக் கட்டடம் 1923 ஆம் ஆண்டுப் பெரும் பூகம்பத்தின் பின் எழுந்தது. சற்றுத் தள்ளி 1880 இல் தொடங்கிய 'யாபு ஸொபா' இருக்கிறது. 2013 பெப்ரவரியில் அந்தக் கடையில் தீப்பிடித்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் புதிய கட்டடத்தில் மீண்டும் திறந்தார்கள். அங்கே பணப்பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண், வாடிக்கையாளர் கேட்டதை நீட்டி முழக்கி ஒரு பாட்டுப்போலச் சமையலறைக்குச் சொல்லுவார். அதைக் கேட்பதற்கென்றே வருவோரும் உண்டு.

இத்தகைய கடைகளின் வாசலில் துணித் திரை ஒன்று தொங்கும். திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. உள்ளே எடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அன்றைக்குப் பிசைந்த மா முடிந்துவிட்டால், நேரம் இருந்தாலும் திரையைக் கழற்றிவிடும் கடைகள் உண்டு. ஆகவே பகல் 11 மணியளவிலேயே போய்விடுங்கள். வரிசை குறைவாக இருக்கும். பொழுது ஏற ஏறச் சில மேசைகளில் மதுக்குப்பியும் வைப்பார்கள். பழைய ஸொபாக் கடைகளில் அதுவும் ஒரு வழக்கம். நேரத்தோடு போனால் அந்தச் சங்கடமும் குறையும்.

உள்ளே இடம் நெருக்கம். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். ஆண்களின் தோளுக்கருகில் உட்கார விருப்பமில்லை என்றால், குடும்பத்தாருக்கு நடுவில் நீங்கள் இருந்துகொள்ளுங்கள்; அல்லது ஓரத்து மேசையைக் காட்டிக் கேளுங்கள். சிரித்த முகத்தோடு கேட்டால் முடிந்தவரை ஒத்துழைப்பார்கள்.

மா பிசையும் கலை

பல கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் மா பிசைவதைக் காணலாம். இடியப்ப உரலைப் பிழிந்து கை வலித்த நம் பெண்களுக்கு அந்தக் காட்சி பிடிக்கும்.

ஸொபா என்பது ஒரு செடியின் பெயர். ஆங்கிலத்தில் பக்வீட் என்பார்கள். பெயரில் 'வீட்' இருந்தாலும் கோதுமைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இது புல்வகையே அல்ல. வெள்ளைப் பூ பூத்து, கறுத்த முக்கோண மணிகளைத் தரும். நெல் விளையாத குளிர்ந்த மலைச்சாரலிலும் விதைத்து இரண்டரை மாதமளவில் அறுவடைக்கு வந்துவிடும். பஞ்ச காலத்தில் ஏழைகளின் வயிற்றைக் காத்தது இதுதான். முதலில் களியாகவும் உருண்டையாகவும் சாப்பிட்டார்கள். நூலாக வெட்டிச் சாப்பிட்டதற்கு நாகானோ மலைப்பகுதிக் கோயிலொன்றின் 1574 ஆம் ஆண்டு ஏட்டில் குறிப்பு இருக்கிறது.

இந்த மாவுக்குப் பசைத்தன்மை இல்லை. எனவே பத்துப் பங்கில் எட்டுப் பங்கு ஸொபா மாவும் இரண்டு பங்கு கோதுமை மாவும் சேர்ப்பது பரவலான வழக்கம். கோதுமையே சேர்க்காமல் செய்வதற்கு நல்ல கைப்பழக்கம் வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விரல் நுனியால் கிளறி, திரண்டதும் பிசைந்து, நீண்ட கட்டையால் மெல்லியதாக உருட்டி, மடித்து, அகன்ற கத்தியால் நூல் நூலாக வெட்டுவார்கள். கொதிநீரில் ஓரிரு நிமிடம். உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசல். பிறகு மூங்கில் தட்டில் வந்துவிடும். "அரைத்தவுடன், பிசைந்தவுடன், அவித்தவுடன்" என்ற மூன்றும்தான் நல்ல ஸொபாவின் இலக்கணம் என்பது அந்த நாட்டார் சொல்.

இது வெறும் நாக்குச் சமாசாரமல்ல. டோக்கியோவின் பழைய பெயர் எடோ. அந்த நாளில் நகரவாசிகள் தீட்டிய வெள்ளைச் சோற்றையே பெருமையாகச் சாப்பிட்டு, 'பெரிபெரி' நோயால் கால் வீங்கி வாடினார்கள். 'எடோ நோய்' என்றே அதற்குப் பெயர். தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் பீ-1 விற்றமின் ஸொபாவில் இருக்கிறது. ஊர் முழுக்க ஸொபாக் கடைகள் பெருகின. 1860 அளவில் எடோவில் 3,700 க்கு மேற்பட்ட கடைகள் இருந்ததாக அக்காலக் குறிப்பொன்று கூறுகிறது.

கேட்க வேண்டிய கேள்வி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மூங்கில் தட்டில் குளிர்ந்த நூடில்ஸ். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் கரும்பழுப்புச் சாறு. சிறு பீங்கானில் அரிந்த வெங்காயத்தாளும், துருவிய வஸாபியும். இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை. மாவும் தண்ணீரும் மீன்சாறும்தானே, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும்.

அந்தக் கரும்பழுப்புச் சாற்றில்தான் விஷயம் இருக்கிறது. 'ட்சுயு' எனப்படும் அது மூன்று பொருளால் ஆன ஒரு கூட்டைக் காய்ச்சி, சில நாள் ஊறவைத்து, பின் மீன்சாறு கலந்து தயாரிக்கப்படுவது. சோயாச் சாறு, சீனி, 'மிரின்' ஆகியவைதான் அந்த மூன்று. மிரின் என்பது அரிசியிலிருந்து எடுக்கும் இனிப்பான மது. அதில் நூற்றுக்குப் பதினான்கு பங்களவில் மதுசாரம் இருக்கிறது. ஜப்பானியச் சமையலறையில் அது நம் வீட்டுத் தேங்காய்ப்பால் மாதிரி, எதிலும் கைபோகும். சூடான ஸொபாவுக்கு ஊற்றும் சாறும் பெரும்பாலும் இதே கூட்டில்தான் செய்யப்படுகிறது.

"காய்ச்சும்போது ஆவியாகிவிடுமே!" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. அதை உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் முடிவெடுக்க முடியாதல்லவா? ஆகவே முதல் வேலை கேட்பதுதான்.

கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். ஜப்பானில் ஸொபா சிலரது உடம்புக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது, மூச்சே அடைக்கலாம். பொதிசெய்த உணவில் ஸொபா இருந்தால் அதை எழுதியே தீர வேண்டுமென்று அங்கே சட்டம் இருக்கிறது. ஆகவே "இதில் என்ன இருக்கிறது?" என்ற கேள்வி அங்கே புதியதல்ல. இதில் தாய்மாருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. வேர்க்கடலை, இறால் போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால், ஸொபாவை முதன்முறையாகக் கொடுக்குமுன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்று சொற்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். "மிரின்" உங்களுக்குத் தெரியும். "சாகே" என்றால் மது. "ஷியோ" என்றால் உப்பு. "மிரின் வா ஹைத்தே இமஸ் கா?" என்றால் "மிரின் சேர்ந்திருக்கிறதா?" என்று பொருள். ஒரு துண்டுக் கடதாசியில் ஜப்பானிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

உப்பும் ஒரு பிடி ஸொபாவும்

"ஆமாம், இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் எழுந்து வந்துவிட வேண்டுமா? தேவையில்லை. சாறு வேண்டாம், உப்பு மட்டும் போதும் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு முன் நூடில்ஸில் மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாறில்லாமல் உப்போடு சாப்பிடுவது ஏழைப்பட்ட வேலையென்று நினைத்துவிடாதீர்கள். ஸொபாவின் ருசி தெரிந்த ஜப்பானியர் பலர் முதல் இரண்டொரு வாயை வெறுமனே, அல்லது உப்புத் தொட்டுத்தான் சாப்பிடுவார்கள். மாவின் மணம் அப்போதுதான் தெரியும் என்பார்கள். வறுத்த குரக்கன் மாவை நினைவூட்டும் ஒரு மண்வாசம். கூடவே வஸாபி துளி. அது மூக்கில் ஏறிக் கண்ணீர் வரவைக்கும், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

சாற்றை அளவாகத் தொடுவதே எடோக்காரரின் பெருமை. நூடில்ஸின் நுனியை மட்டும் தொட்டு உறிஞ்சுவார்கள். அப்படியே வாழ்ந்த ஒருவர் மரணப் படுக்கையில், "ஒரு தடவையாவது முழுக்க நனைத்துச் சாப்பிட்டிருக்கலாமே!" என்று ஏங்கினாராம். அங்கே வழங்கும் பகிடி இது.

நம் வீட்டில் சத்தம் போட்டு உறிஞ்சினால் உம்மா முறைப்பார். அங்கேயோ எல்லோரும் "சுர்ர்" என்று இழுப்பார்கள். காற்றோடு இழுத்தால் மணம் மூக்குக்கு ஏறும் என்பதுதான் காரணம். நீங்கள் மெதுவாகச் சாப்பிட்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கடைசியில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வரும். அது ஸொபா அவித்த தண்ணீர். நம் வடித்த கஞ்சி போன்றது. மற்றவர்கள் அதை மிஞ்சிய சாற்றில் ஊற்றிக் குடிப்பார்கள். நீங்கள் ஒரு வெறுங்கோப்பை கேட்டு, தனியே குடியுங்கள். அவிக்கும்போது கரைந்த சத்து அதில்தான் இருக்கிறது.

வாத்திறைச்சி ஸொபாவும், கறி ஸொபாவும் பட்டியலில் இருக்கும். அவை நமக்கானவை அல்ல. சாதாரணத் தட்டு ஒன்றுக்கு ஆயிரம் யென்னுக்கு முன்பின்னாக வரும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. வெளியே வரிசை காத்திருந்தால், சாப்பிட்டு முடித்ததும் இடத்தை விட்டுக்கொடுப்பது மரியாதை.

நம் சமையலறையில்

ஸொபாவுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு: 'பக்கத்தில்' என்பது. எடோ காலத்திலிருந்தே புதுவீடு குடிபோகிறவர் அண்டை வீட்டாருக்கு ஸொபா கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. "உங்கள் பக்கத்தில் வந்திருக்கிறோம்" என்று சொல்லாமல் சொல்வதாம். அயலாரின் உரிமையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வருடத்தின் கடைசி இரவிலும் வீடுதோறும் ஸொபா சாப்பிடுவார்கள். நூல் நீளம் என்பதால் ஆயுள் நீளும், எளிதில் அறுவது என்பதால் போன வருடத்துத் துன்பம் அறுந்துபோகும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சாற்றோடு சாப்பிட ஆசையா? வீட்டிலேயே செய்யலாம். ஜப்பானிய மீன்சாற்றின் மூலப்பொருள் 'கட்சுஓபுஷி'. சூரை மீனை, அதாவது நம் கடைகளில் பலயா என்று விற்பதை, அவித்து, புகையிட்டு, கல்லாகும்வரை காயவைத்தது. சகோதரிகளே, இது நம் சம்பலில் இடித்துப் போடும் மாசிக்கு உடன்பிறப்பு! மாசியும் அதே மீனை அவித்து, புகையிட்டு, காயவைத்ததுதான்.

மாசித் துண்டுகளை நொறுக்கி, தண்ணீரில் மெல்லிய தீயில் சற்று வைத்து வடித்து, ஹலால் சான்றிதழ் பெற்ற சோயாச் சாறும் ஒரு கரண்டி சீனியும் சேருங்கள். மிரின் தரும் இனிப்பைச் சீனி தந்துவிடும். காய்ந்த ஸொபா நூடில்ஸ் வாங்கினால் பொதியின் பின்புறத்தை வாசியுங்கள். ஜப்பானில் இருப்போர் டோக்கியோ ஜாமி பள்ளிவாசலில் விசாரித்தால் ஹலால் சாமான் கிடைக்கும் இடங்களை அறியலாம். 1938 இல் தாத்தாரிய முஸ்லிம்கள் முயன்று எழுப்பிய அந்தப் பள்ளி, 2000 ஆம் ஆண்டில் புதிதாகக் கட்டப்பட்டது.

வெளியூரில் நம் பேணுதலைக் காப்பாற்றுவது என்றால் பட்டினி கிடப்பதென்றோ, எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கி நிற்பதென்றோ நினைத்துவிடுகிறோம். பிள்ளைகளும் அப்படியே நினைத்து வளர்கிறார்கள். தாய் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேட்பதையும், கூடாததை விலக்கிவிட்டு ஆகுமானதை மகிழ்ச்சியோடு சாப்பிடுவதையும் அவர்கள் பார்க்கட்டும். நாளைக்குத் தனியே படிக்கவோ தொழிலுக்கோ போகும் மகனும் மகளும் எந்த ஊர் மேசையிலும் அதே கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்பார்கள்.